சிவப்புத் தொப்பியும் கத்தரிப்பூ நூலும்



போன வாரம் பாடசாலை வரலாற்று மன்றக் கண்காட்சிப் படங்களை இந்தப் பக்கத்தில் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "அந்தச் சிவப்புத் தொப்பியெல்லாம் எங்க வாடகைக்கு எடுத்தீங்க?" உட்பெட்டியில் கேட்டவர்கள், பள்ளிவாசல் வாசலில் கேட்டவர்கள், கிட்டங்கித் தாம்போதியில் மோட்டார் சைக்கிளை மறித்துக் கேட்ட ஒருவர் என்று கணக்கில்லை. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாததால் இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும், தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒன்றும் வாடகைக்கு எடுக்கவில்லை. எல்லாம் வீட்டில் செய்தது. ஆனால் தொப்பியைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். மீதிப் பாதி எங்கள் வீட்டுக் கதை, எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமான கதை. அதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு இரவு கதைத்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

இந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறோம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒருவர் வரலாறு படிப்பிக்கிறார், மற்றவர் கணிதம். ஒருவருக்குச் சொந்த ஊர் சவளக்கடை, மற்றவருக்கு மருதமுனை. நம்ம பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது வீட்டில் இருக்கிற மூத்தவர் எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. பெண் மக்கள் இல்லாததால் மூன்று வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். இங்கே மாமி என்றே எழுதுகிறோம்.

தரம் 10 பிள்ளைகள் நடிக்க எடுத்த விடயம் 1905ஆம் ஆண்டுத் துருக்கித் தொப்பி விவகாரம். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு வழக்குப் பேச எழுந்தார். பிரதம நீதியரசர் லயார்ட் தொப்பியைக் கழற்றச் சொன்னார். அவர் கழற்றவில்லை, வெளியேறினார். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடி நாட்டு முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு நீதிமன்றம் இறங்கி வந்தது. அந்தத் தொப்பி இங்கே பரவியது அதற்கு 20 வருடம் முந்தித்தான். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவையும் அவருடைய ஆட்களையும் பார்த்துத்தான் நம்ம பெரியவர்கள் பலர் அதைத் தலையில் வைக்கத் தொடங்கினார்கள். நம்ம மூத்தப்பாமாரின் கலியாணப் படங்களில் பார்க்கலாம்.

வாடகைக் கடைக்கும் போனோம்தான். ராஜா உடுப்பு இருந்தது, நடன உடுப்பு இருந்தது, கிரீடமும் வாளும் குவிந்து கிடந்தன. "முஸ்லிம் ஆக்கள்ட பழைய உடுப்பு" என்று கேட்டதற்கு, கடைக்காரர் யோசிக்காமல் ஒரு வெள்ளை நீள அங்கியையும் தலைக்குக் கட்டும் கறுப்புக் கயிற்றையும் எடுத்துத் தந்தார். அரபு நாட்டு உடுப்பு. ஒன்றுக்கு ஒரு நாள் வாடகை 1,500 ரூபா, முற்பணம் வேறு. காசைக்கூட விடுங்கள். 1905இல் மருதானையில் கூடியவர்களை அந்த உடுப்பில் நிறுத்தினால் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொள்ளுவார்கள். வெறுங்கையோடு வந்துவிட்டோம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு கற்பித்தல் சாதனம் செய்யப் பழக்கினார்கள். அது இந்த இடத்தில் உதவியது. சட்டத்தரணியின் கறுப்பு அங்கிக்கு வீட்டிலிருந்த பழைய அபாயா இரண்டை எடுத்தோம். முன்பக்கத்தை நடுவால் வெட்டி, கையை முழங்கையோடு குறைத்து, தோளில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தால் தூரத்துக்கு அசல் அங்கிதான். கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பட்டிக்கு மட்டையில் ஒட்டிய வெள்ளைத் துணி. நீதியரசரின் பொய்முடிக்குப் பழைய குளிர்த்தொப்பி ஒன்றின் மேல் மருந்துப் பஞ்சைச் சுருள் சுருளாக உருட்டி ஒட்டினோம். சாரனும் அகலமான இடுப்பு வாரும் பிள்ளைகளின் வீடுகளிலேயே கிடைத்தன. ஒரு பிள்ளை மூத்தப்பாவின் வாரைக் கொண்டு வந்தது. அதன் பைக்குள் ஒரு பழைய ஐந்து சதக் குற்றி இருந்தது.

தொப்பிதான் பாடாய்ப் படுத்தியது. முதல் தொப்பிக்கு நீளச்சதுரமாகத் துணியை வெட்டிச் சுற்றி ஒட்டினோம். பார்த்தால் பால்மா டின் மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடுத்த வகுப்புக்குக் கேட்டது. துருக்கித் தொப்பி மேலே ஒடுங்க வேண்டும். ஒடுங்குகிற பொருளை விரித்தால் நீளச்சதுரம் வராது, வட்டத்தின் ஒரு கீறு வரும். இந்த இடத்தில் கணித ஆசிரியருக்கு ஒரு நாளும் இல்லாத மரியாதை வந்தது. செய்ய விரும்புகிறவர்களுக்காக அளவையும் தருகிறோம். தலைச் சுற்றளவு 54 சென்ரிமீற்றர், மேல் வட்டத்தின் சுற்றளவு 42, உயரம் 13 என்றால், 59 சென்ரிமீற்றர் ஆரத்தில் ஒரு வில்லும் அதே மையத்திலிருந்து 46 சென்ரிமீற்றர் ஆரத்தில் இன்னொரு வில்லும் வரைந்து, 52 பாகை கோணத்துக்கு வெட்டுங்கள். பொருத்துவதற்கு ஒரு பக்கம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூட விடுங்கள். உள்ளே மட்டை, வெளியே தடித்த சிவப்புத் துணி. தையல் சாமான் கடையில் 'ஃபெல்ட்' என்று கேட்டால் தருவார்கள். மேலே ஒரு வட்டம், நடுவில் கறுப்புக் குஞ்சம். குஞ்சத்துக்குத் தடித்த தையல் நூலை நாற்பது சுற்றுச் சுற்றி ஒரு முனையைக் கட்டி மறுமுனையை வெட்டினால் சரி. ஆறு தொப்பிக்கும் சேர்த்து 3,000 ரூபா முடியவில்லை.

இதெல்லாம் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. மாமி வெற்றிலை வட்டாவோடு ஒரு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் அந்தச் சிவப்புத் துணியை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நெஞ்ச துணியில்ல. அமுக்கின துணி" என்றார். பிறகு தேடிப் பார்த்தோம். சரிதான். ஃபெல்ட்டில் பாவும் இல்லை, குறுக்கு நூலும் இல்லை. கம்பளி மயிரை நனைத்து அமுக்கிச் செய்வது. அசல் துருக்கித் தொப்பியும் கம்பளியை அப்படி இறுக்கிச் செய்ததுதான்.

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் உதுமானிய நாடுகளில் முஸ்லிம்கள் வைத்த துருக்கித் தொப்பிகளில் பெரும்பகுதி ஒஸ்திரியப் பேரரசின் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. 1908இல் ஒஸ்திரியா பொஸ்னியாவை எடுத்துக்கொண்டபோது, உதுமானிய ஆட்சிக்குட்பட்ட மக்கள் கோபத்தில் ஒஸ்திரியச் சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். அதில் முதலில் அடிபட்டவற்றில் ஒன்று அந்தத் தொப்பி. தலையில் வைத்தது தங்கள் அடையாளம், செய்து விற்றது வேறு ஆட்கள் என்பதை அன்றைக்குத்தான் பலர் கண்டார்கள். 1925இல் துருக்கி அரசாங்கமே அந்தத் தொப்பியைத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் நம்ம நாட்டில் அது கலியாண மேடைகளில் இருந்தது.

இதை வகுப்பில் சொல்லி முடிக்க, கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை எழுந்தது. "டீச்சர், மருதானைக் கூட்டத்துல எல்லாம் ஆம்புளையள். எங்களுக்கு என்ன வேசம்? எங்கட மூத்தம்மாட மூத்தம்மா என்ன உடுத்த?"

நியாயமான கேள்வி. வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். தொப்பி ஒட்டினதும் குஞ்சம் கட்டினதும் அவர்கள்தான், மேடை ஏறப் போவது ஆண் பிள்ளைகள். 1905இல் நம்ம பெண்கள் என்ன உடுத்தார்கள் என்று துணிந்து தைக்கிற அளவுக்குக் கையில் படமோ எழுத்தோ இல்லை. தெரிந்த காலத்தை எடுப்போம் என்று இரண்டாவது காட்சி ஒன்று சேர்த்தோம். மருதமுனை, 1975, ஒரு தறி வீடு. அதைப் பற்றிக் கேட்பதற்கு ஆள் விறாந்தையிலேயே இருக்கிறாரே.

சனிக்கிழமை பின்னேரம் எட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். மாமி முதலில் உடன்படவில்லை. "எனக்கென்ன தெரியும், நான் படிச்சவளா" என்று உள்ளே போய்விட்டார். பிள்ளைகளே பிறகாலே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பேசத் தொடங்கினால் நிற்கவில்லை. தறிக்கு முந்தி நூல். நூல் சாயம் போட வேண்டும், சுடுதண்ணித் தொட்டியில் தடியால் புரட்டிப் புரட்டி. கை எரியும். பிறகு அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் இழுத்துக் காய வைக்க வேண்டும். கஞ்சி போடாத பாவு தறியில் அறுந்துகொண்டே இருக்கும். மாரியில் கஞ்சி காயாது. மாரி என்றால் அடுப்பும் குளிரும், தறியும் குளிரும். சின்னப் பிள்ளைகளுக்கு வேலை நூல் சுற்றுவது. மாமி பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். கால் மிதிக்கு எட்டாததால் கட்டை வைத்துக் கட்டினார்களாம். முழுப் புடவையும் முக்காடுமாக இருந்து நெய்வதாம். முந்தானை மிதியில் சிக்காமல் இடுப்பில் சொருகுவது எப்படி என்று எழுந்து நின்று காட்டினார். அதுதான் எங்கள் இரண்டாவது காட்சியின் உடுப்பு. தைக்க ஒன்றும் இல்லை, உடுக்கப் பழக வேண்டியிருந்தது.

1970களின் முதல் பாதியில் வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள் வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்று நம்ம வாப்பாமார் சொல்லும் அதே காலம். மருதமுனைக்கு அது தறி நிறைந்த காலம். மாமியின் ஒழுங்கையில் விடியச் சுபஹுக்குப் பிறகு தறிச் சத்தம் கேட்காத வீடு இல்லையாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மெசினில் நெய்த மலிவுத் துணி இறங்கியது. அதோடு ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகச் சத்தம் குறைந்தது.

மேடைக்குத் தறி வேண்டும். முழுத் தறிக்கு எங்கே போவது? பலகைச் சட்டம் ஒன்று செய்தோம். 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், மேலும் கீழும் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு சின்ன ஆணி. ஆணிகளை ஒரே கோட்டில் அடித்தால் பலகை பிளக்கும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று அடிக்க வேண்டும். பாவைப் பிரிக்க அடிமட்டம், நூலை அடித்து நெருக்கச் சீப்பு. மாமி சீப்பைப் பார்த்து, "இது பேன் பாக்கிற சாமான்" என்றார். ஆனாலும் இருந்து காட்டினார்.

எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பிழைதான் வந்தது. நெய்ய நெய்யத் துணியின் இரண்டு ஓரமும் உள்ளுக்கு வந்து நடுவில் ஒட்டிப்போனது. மாமி ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இறுக்கி இழுத்தா ஓரம் உள்ளுக்குத்தான் வரும் மகள். வளைச்சு விடு. நூலுக்கும் போக வழி வேணும்."

குறுக்கு நூலைப் பிறை மாதிரி வளைத்து விட்டு, பிறகு அடித்து நெருக்க வேண்டுமாம். மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிற நூலுக்கு நேர் நீளத்தைவிடக் கூட நூல் தேவை. கணிதம் தெரிந்த எங்களுக்கு இது தெரியவில்லை. நடுவில் ஒரு பாவு நூல் அறுந்தது. மாமி முகத்தை எங்களிடம் வைத்துக் கதைத்துக்கொண்டே, பாராமல், இரண்டு விரலால் முடிச்சுப் போட்டார். பிள்ளைகள் திரும்பப் போடச் சொல்லி ஒளிப்படம் எடுத்தார்கள். மெதுவாகப் போடச் சொன்னதும் அவருக்கே வரவில்லை.

கடையில் வாங்கிய பின்னல் நூல் இழுபட்டு இழுபட்டுப் போனது. மாமி எழுந்து உள்ளே போய், தன் பெட்டிக்குள் இருந்து தலையணை உறையில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே நல்ல கத்தரிப்பூ நிற நூல், சிட்டம் சிட்டமாக. அந்துருண்டை மணத்தது. ஒரு சிட்டத்தில் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பட்டென்று அறுந்தது. "பாவுக்குத் தாங்காது. பாவுக்குக் கடை நூலையே போடுங்க. குறுக்குக்கு இதப் பாவிக்கலாம்." பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். யாரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று இரவு நாங்கள் கேட்டோம். இனித்தான் எங்கள் வெட்கம்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. மாமி நல்ல நெசவுக்காரி, சுனாமி தறியைக் கொண்டு போனது, அதோடு நெசவு முடிந்தது. 2004 டிசம்பர் 26ஐ நம்ம கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். மாமியின் வீடு கடலுக்கு மிகக் கிட்ட. தறிக் கொட்டில் இருந்த இடத்தில் மறுநாள் மணல்தான் இருந்தது. அவ்வளவும் உண்மை. வகுப்பிலும் பல தடவை சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் கண்கலங்கிக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் சொல்லவில்லை, கேட்டு வைத்திருக்கவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் நெசவாளர்களுக்குத் தறி கொடுத்தார்கள். மாமிக்கும் ஒன்று கிடைத்தது. அதில் நான்கு வருடத்துக்கு மேல் நெய்திருக்கிறார். எங்களில் ஒருவர் அப்போது கொழும்பில் வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போது தறி நின்றது. ஒரு முறை வந்தபோது நிற்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை.

மாமி கணக்குச் சொன்னார். 2009இல் கரை வைத்த ஒரு புடவைக்கு நூல் 900 ரூபா, சாயம் 150. வாங்குகிறவர் கொடுத்தது 1,500. மூன்று நாள் வேலை. ஒரு நாளைக்கு 150 ரூபா. மேசன் கையாளுக்கு அப்போது அதைப்போல் நான்கு மடங்கு. நூல் வெளியிலிருந்து வருவதால் அதன் விலை ஏறிக்கொண்டே போனது, புடவை விலை ஏறவில்லை. "அப்ப ஏன் உம்மா நெஞ்ச?" என்று கேட்டதற்கு, "ஊட்டுக்குள்ள இருந்து செய்ற வேலை. உலையில சோறும் கொதிக்கும், தறியும் நடக்கும். வெளிய போகத் தேவல்ல" என்றார்.

எங்கள் கலியாணம் 2010இல். பெண் பார்க்க வந்த அன்று எங்களில் ஒருவர் கத்தரிப்பூ நிறச் சட்டை உடுத்திருந்திருக்கிறார். எங்களுக்கே நினைவில்லை, மாமிக்கு நினைவிருக்கிறது. கலியாணப் புடவையைத் தானே நெய்வது என்று நினைத்து நூல் வாங்கி, தேடித் தேடி அந்த நிறத்துக்குச் சாயம் போட்டு, காய வைத்து எடுத்து வைத்திருந்தார். அதற்குள் பெண் வீட்டிலிருந்து செய்தி போயிருக்கிறது. புடவை கொழும்பில் எடுக்க வேண்டும், கல் வைத்த இந்தியப் புடவை, இன்ன மாதிரி. செய்தி சொன்னவர்கள் நாங்கள்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் படம் பார்த்துத் தெரிவு செய்தோம். புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டுச் செலவு.

"தறிய வித்த காசுலதான் அந்தப் புடவை எடுத்த" என்றார் மாமி. குறையாகச் சொல்லவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லுவது மாதிரிச் சொன்னார். மறுகா எழுந்து இஷா தொழப் போய்விட்டார்.

அந்தப் புடவை எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கலியாணத்தன்று ஒரு முறை, ஒரு மச்சியின் கலியாணத்தில் ஒரு முறை. பிறகு கல் உதிர்கிறது என்று பொலித்தீன் உறையில் போட்டு வைத்தோம். பதினைந்து வருடமாகத் தறியைக் கடல் கொண்டு போனது என்று நாங்கள் சொல்லித் திரிந்த கதையைப் பக்கத்து அறையில் இருந்து மாமி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளும் திருத்தவில்லை.

எங்களை நாங்களே திட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. நம்ம ஊர்களில் உடுப்பைப் பற்றி நாம் கதைப்பது கொஞ்சமா? இது உடுக்கலாமா, அது கூடுமா, நீளமா, குட்டையா, கறுப்பா, நிறமா? 1905இல் தொப்பிக்காக நாடே கூடியது, அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் உடுத்ததை யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் வருவதற்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்க வேண்டியிருந்தது.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நீதியரசரின் முடியிலிருந்து பஞ்சு ஒரு சுருள் விழுந்ததை அப்துல் காதராக நடித்தவர் எடுத்துக் கொடுத்தார். மற்றபடி தொப்பிகள் ஆறும் நின்றன. இரண்டாவது காட்சிக்கு மாமியை ஓட்டோவில் கூட்டிப் போனோம். முன் வரிசையில் இருந்தார். மேடையில் பிள்ளை பதற்றத்தில் நூலை நேராக இழுத்தது. "வளைச்சு விடு!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு சத்தம். மண்டபமே சிரித்தது. படத்தில் அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதன் காரணம் அதுதான். நெய்து முடிந்த துண்டைக் கையில் கொடுத்தோம். ஒன்றரை அடி நீளம். ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓரம் சரியில்ல. மத்தது காணும்" என்றார்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மாமியோடு மருதமுனைக்குப் போனோம். இன்னமும் தறி நடக்கிற வீடுகள் அங்கே இருக்கின்றன. பழைய அளவுக்கு இல்லை. மாமிக்குப் பழக்கமான ஒரு வீட்டில் புடவை ஒன்று சொன்னோம். கத்தரிப்பூ நிறம். பெட்டியில் மிச்சமிருந்த நூல் முந்தானைக் குறுக்குக்குக் காணும் என்று மாமி கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார். தறிக்கார ராத்தா விலையைச் சொன்னார். நாங்கள் பேரம் பேசாமல் தலையாட்டினோம். மாமிதான் பேரம் பேசினார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ குறைச்சுச் சொல்லிட்டாய் புள்ள. இந்த நெருக்கத்துக்கு இது காணாது. அஞ்சூறு கூட்டிச் சொல்லு" என்றார். கூட்டித்தான் கொடுத்தோம். புடவை மாரி கழிந்துதான் வரும். கஞ்சி காய வேண்டுமே.

இனி உங்களிடம் இரண்டு விடயம்.

ஒன்று. பழைய சாரன், முக்காட்டுப் புடவை, இடுப்பு வார், துருக்கித் தொப்பி, பன்பாய், அந்தக் காலக் கலியாணப் படம் எது வீட்டில் கிடந்தாலும் எறிய வேண்டாம். பாடசாலைக்கு ஒரு நாள் இரவலாகத் தாருங்கள், படம் எடுத்துவிட்டுக் கையில் திருப்பித் தருவோம். அதைச் செய்தவர் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். சாமானைவிட அவர்தான் முக்கியம். தொப்பி வெட்டும் அளவுத்தாள் வேண்டிய ஆசிரியர்களுக்கு அனுப்பி வைக்கிறோம்.

மற்றது. வருகிற பெருநாளுக்கு வீட்டில் ஒருவருக்காவது மருதமுனைச் சாரனோ புடவையோ எடுங்கள். எல்லாருக்கும் எடுக்கச் சொல்லவில்லை, நம்ம எல்லாருடைய சம்பளமும் எங்களுக்குத் தெரியும். முடிந்தால் தறி வீட்டுக்கே போய் எடுங்கள். போனால், எத்தனை நாள் வேலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்ட பிறகு விலை குறைக்க நமக்கு வாய் வராது.

இதை மாமியிடம் முழுக்க வாசித்துக் காட்டித்தான் போடுகிறோம். ஒரு இடத்தை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டோம். கலியாணப் புடவை பற்றியதை வெட்டவா என்று கேட்டோம். "இருக்கட்டும். புள்ளைய எடுக்கிற ஆக்கள் வாசிக்கட்டும்" என்றார்.

அவருக்காகவும், தறியில் இருந்து நம்மை வளர்த்த எல்லா உம்மாமாருக்காகவும் துஆச் செய்துகொள்ளுங்கள். வஸ்ஸலாம்.